அரிசி அளவு சில்லு

சனிக்கிழமை சாயங்காலம் தேய்த்து மறைத்த சில்லு ஞாயிற்றுக்கிழமை காலையில் கத்தியில் மறுபடியும் இருந்தது. கூரின் நடுவில், அதே இடத்தில், ஓர் அரிசி உட்காரும் அளவுக்குப் பெயர்ந்த குழி. பூபாலன் வாயில் பிரஷ்ஷோடு ஜன்னல் பக்கம் போய் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். இது மூன்றாவது தடவை.

அது மடக்குகிற பழைய சவரக்கத்தி. சலூனில் பிளேடு மாட்டுவார்களே, அது இல்லை. முழு இரும்பில் அடித்தது. போன வாரம் வேப்பூர் ரோட்டில் பழைய இரும்புக் கடையில் வாங்கினான்; வாங்கும்போதே கூரில் அந்தச் சில்லு இருந்தது. "சும்மா அலமாரியில வச்சி அழகு பாருங்க சார், இதால சேவிங்லாம் ஆவாது" என்று பாவாடை என்ற அந்தக் கடைக்காரர் சிரித்தபோது இவனுக்கு ரோஷம் வந்துவிட்டது. போனில் நாலு வீடியோ பார்த்தவனுக்கு வருகிற ரோஷம்தான். சாணைக்கல் எதற்கு, விருத்தாசலத்தில் பீங்கானுக்கா பஞ்சம் என்று, தான் வேலை பார்க்கும் பீங்கான் கம்பெனியிலிருந்து மெருகு போடாமல் சுட்ட பில்லை ஒன்றைக் கேட்டு வாங்கி வந்து, தண்ணீர் தெளித்துத் தேய்க்க ஆரம்பித்தான்.

சில்லு போகும்வரை கூரை மழுக்கி, பிறகு கத்தியின் முதுகும் கூரும் ஒன்றாகப் படியும்படி படுக்க வைத்துத் தேய்க்க வேண்டும். புதிதாகச் செய்கிறவன் என்பதால் அவனுக்கு முழு மாலையும் பிடித்தது. வியாழன், வெள்ளி, சனி. மூன்று மாலையும் சில்லு போனது. மூன்று காலையும் திரும்பி வந்தது.

வீட்டில் இருப்பது இரண்டே பேர். அவனும் அவன் மனைவி அனுசியாவும். அவன் தொடவில்லை. அப்புறம் யார்?

"கத்திய எடுத்தியா?" என்று அடுப்படி வாசலில் நின்று கேட்டான்.

"எந்தக் கத்தி? அருவாமனையா?"

"தெரியாத மாதிரி பேசாத."

"அதயா? அத நான் எதுக்குத் தொடப்போறேன்? பாத்தாலே குலை நடுங்குது."

முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. அதைத்தான் அவன் கவனித்தான். வெள்ளிக்கிழமையிலிருந்து கழுத்தைச் சுற்றி ஒரு ஈரத் துண்டைப் போட்டுக்கொண்டு திரிகிறாள். கேட்டால் வேர்க்குரு என்கிறாள். பெண்ணாடத்திலிருந்து அவள் அம்மா கூப்பிட்டால் போனை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விடுகிறாள். முந்தாநாள் கத்தியின் பிடியை மோந்து பார்த்தபோது அவள் தலையில் வைக்கும் தேங்காயெண்ணெய் வாசனை அடித்தது. கல்யாணமாகி மூன்று வருஷத்தில் ஒரு வார்த்தை கடிந்து பேசாதவளைச் சந்தேகப்படுகிறோமே என்று வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் இரண்டு ராத்திரியாகத் தன் கழுத்தின்மேல் கையை வைத்துக்கொண்டுதான் தூங்கினான். உயிர் யாருக்குத்தான் வெல்லம் இல்லை?

மத்தியானம் சாப்பிட்டதும் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தான். வெளியே மழை மூட்டம், கரண்ட் இல்லை, மின்விசிறி நின்ற அமைதியில் இரும்பு பீங்கானில் உரசும் சத்தம் மட்டும் ஸ்ஸ்ரக், ஸ்ஸ்ரக் என்று சுவரெல்லாம் ஊர்ந்தது, அதோடு ஈர இரும்பு வாசனையும் எழுந்தது. பில்லையில் ஓடும் தண்ணீர் எப்போதும் கறுப்பாக வரும். இன்று ஓரத்தில் மஞ்சளாக வந்தது. விரலில் தொட்டு மோந்தான். பூசுமஞ்சள். அனுசியா தினமும் குளிக்கும்போது பூசுவது.

அப்படியானால் கத்தியை எடுத்தது அவள்தான்.

இருந்தாலும் கடைசியாக ஒன்றைப் பார்த்துவிட நினைத்தான். கம்பெனியில் அவனுக்கு செக்கிங் வேலை. சூளையிலிருந்து இறங்கும், கரண்ட் கம்பத்தில் மாட்டுகிற பீங்கான் இன்சுலேட்டரைத் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். பொத்தென்று கேட்டால் உள்ளே விரிசல். சந்தேகம் வந்தால் சிவப்பு மை தடவித் துடைப்பார்கள். நல்ல உருப்படியில் மை நிற்காது. விரிசல் இருந்தால் அதற்குள் மட்டும் இறங்கிக் கோடாக நின்றுவிடும். கத்தியிலேயே விரிசல் இருந்து, சில்லு தானாக உதிர்கிறதோ என்னவோ. அப்படி இருந்துவிட்டால் அனுசியாவிடம் மன்னிப்பே கேட்டுவிடலாம் என்று தோன்றியது. கம்பெனியிலிருந்து கொண்டு வந்து வைத்திருந்த மைப்புட்டியைத் திறந்தான்.

தடவினான். துடைத்தான். கத்தி சுத்தமாக இருந்தது. ஒரு கோடும் இல்லை.

கதவு திறந்தது. அனுசியா இரண்டு டம்ளர் டீயோடு நின்றாள்.

"உண்மையச் சொல்லு. ராத்திரி இத எடுத்துக்கிட்டு என்ன பண்ற?"

அவள் டம்ளர்களை மேஜைமேல் வைத்தாள். கண்ணில் தண்ணீர் தளும்பியது.

"நான் கேக்கணும்னு இருந்தேன், நீங்க கேக்குறீங்க. ராத்திரி எழுந்து உக்காந்துகிட்டு என்ன தூங்கவே வுட மாட்டேங்கிறீங்க. கம்பெனில தட்டுற மாதிரி என் கழுத்தத் தட்டித் தட்டி காது வச்சிக் கேக்குறீங்க. அம்மாகிட்ட கூட சொல்லி அழுதேன்."

"நானா?"

"பின்ன யாரு? மூணு நாளா. அதுக்கு அப்புறம் எனக்கு எதுவும் தெரியல. காலையில கழுத்து எரியுது."

அவனுக்கு ஒன்றும் நினைவில்லை. பொய் சொல்கிறாள். பொய்யாகத்தான் இருக்க வேண்டும். எட்டி அவள் கழுத்துத் துண்டை இழுத்தான். மை பட்ட விரல்கள் அவள் தொண்டையில் உரசின. சிவப்பாகத் தீற்றியது.

"ஐய, என்னாங்க இது" என்று அவள் ஈரத் துண்டை வாங்கித் துடைத்துக்கொண்டாள்.

மை போனது. முழுதும் போகவில்லை.

ஒரு கோடு நின்றது. மயிரிழை அளவு. இடது காதுக்குக் கீழே ஆரம்பித்து, தொண்டையைக் கடந்து, வலது காதுவரை.

அவள் மறுபடி துடைத்தாள். அழுத்தித் துடைத்தாள். கோடு போகவில்லை.

கோட்டில் ஏதோ மின்னியது. இரும்பு. ஓர் அரிசி அளவு. பக்கத்தில் இன்னொன்று. இன்னொன்று.

மூன்று.

கையில் கத்தி இருந்தது. கீழே வைக்க வேண்டும் என்று நினைத்தான். விரல்கள் விடவில்லை.

"போயிடுச்சாங்க?" என்று கேட்டாள் அனுசியா.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு தன் டம்ளரை எடுத்தாள். "குடிங்க, ஆறிடப் போவுது" என்றபடி ஒரு மடக்கு விழுங்கினாள்.

கோடு நெடுக டீ கசிந்தது. சொட்டு சொட்டாக, ஆவியோடு, கழுத்தெலும்பில் இறங்கி ரவிக்கையை நனைத்தது. அவள் அதைத் துடைக்கவில்லை. அவனைப் பார்த்தபடி இன்னொரு மடக்கு குடித்தாள்.