மூன்றாவது செல்

பேட்டரி மூடியைத் திருகி எடுத்ததும் வழக்கமான அமில நெடி வரவில்லை. பாசி வாடை வந்தது. அதற்கடியில், பல நாள் ஈரத்திலேயே ஊறிக் கிடந்த தலைமுடியின் வாடை.

ராயம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இண்டூரில் பேட்டரி சார்ஜ் கடை வைத்திருப்பவள். இப்போது அணைக்கரையில் கட்டியிருந்த மோட்டார் படகின் இன்ஜின் குழிக்குள் குந்தியிருந்தாள். எழுபத்திரண்டாம் வருடத்து ஐப்பசியில், நடுத்தண்ணீரில் விளக்கு அணைந்து இதே படகு பாறையில் மோதிக் கவிழ்ந்தது. ஒரு குடும்பமே போய்விட்டது. படகை மீட்டு, பழுது பார்த்து, பெயிண்டும் அடித்தாயிற்று. நாளை ஒரு கல்யாணக் கூட்டம் இதில் அக்கரைக்குப் போகிறது. பேட்டரி நன்றாக இருக்கிறது என்று அவள் சொல்ல வேண்டும். அது ஒன்றுதான் பாக்கி.

"என்னம்மா, பேட்டரிக்கு ஜோசியம் பாக்கறியா?" கரையில் பீடியோடு நின்ற படகுக்காரர் அர்ச்சுனன் கேட்டார். "மழை வருது. சட்டுனு சொல்லு."

"என்ன தண்ணிங்க ஊத்துனீங்க இதுல?"

"சுத்தி இவ்ளோ தண்ணி கெடக்குது, அதுல மொண்டு ஊத்துனேன். டிஸ்டில் வாட்டர் குடிக்க இதென்ன காச்சக்காரனா?"

அமிலத்தின் அடர்த்தி பார்க்கும் ஹைட்ரோமீட்டர் குழாயை பேட்டரியின் முதல் செல்லுக்குள் விட்டு ரப்பர் குமிழை அமுக்கினாள். மிதவை அடியிலேயே கிடந்தது. செத்த செல். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதில் மிதவை விருட்டென்று எழும்பி, முழு சார்ஜ் கோட்டையும் தாண்டி, குழாயின் கழுத்தில் நின்று மெல்ல ஏறி இறங்கியது. அவள் கையை இரும்பாக்கிக்கொண்டாள். மிதவை நிற்கவில்லை.

ஏற்றம். இறக்கம். தூங்கும் பிள்ளையின் வயிறு போல.

ஸ்பேனரை எடுத்து பேட்டரியின் இரண்டு ஒயர்களையும் கழற்றினாள்.

படகின் முன்விளக்கு எரிந்தது.

"அதான் பளிச்சுனு எரியுதே," என்றார் அர்ச்சுனன். "நல்லாருக்குதுன்னு சொல்லிட்டுப் போ."

"ஒயரு ரெண்டும் என் கையில இருக்குதுங்க."

அவர் பார்த்தார். பீடி விழுந்தது. இருந்தும் சொன்னார்: "இருந்தா என்ன? எரியுதில்ல? நாளைக்கு சனம் வருது."

"சொல்ல மாட்டேன்."

"பொம்பளைய கூப்புட்டது என் தப்பு."

"இருக்கட்டும். இந்த போட்டுல ஒருத்தரும் ஏற மாட்டாங்க."

பயத்தில் பல் கிட்டியது. ஆனாலும் ஸ்பேனரை ஓங்கி மூன்றாவது செல்லின் மேல் அடித்தாள். விரிசல் விட்டது. தண்ணீர் வழிந்தது. கணுக்கால் வரை. முழங்கால் வரை. ஒரு பேட்டரிக்குள் அவ்வளவு தண்ணீர் கிடையாது. நிற்கவில்லை.

மூழ்கட்டும். இங்கேயே. காலியாக.

மறுபடி அடித்தாள். படகு சாய்ந்ததும் கரைக்குத் தாவினாள். கயிறு அறுந்தது. படகு கலங்கல் தண்ணீருக்குள் இறங்கி அடியில் உட்கார்ந்தது. விளக்கு மட்டும் அணையவில்லை.

அந்த வெளிச்சத்தில், படகின் பலகையில் அவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். பெரியவர்கள். மடியில் பிள்ளைகள். எல்லா முகமும் கரையைப் பார்த்து.

பஸ்ஸில் செய்வதுபோல் ஒருவரையொருவர் நெருக்கித் தள்ளி உட்கார்ந்தார்கள். நுனியில் ஓர் ஆளுக்கு இடம் விழுந்தது.

அர்ச்சுனன் தண்ணீருக்குள் நடந்துகொண்டிருந்தார். கண் இமைக்கவில்லை. இடுப்பளவு.

ராயம்மாள் பாய்ந்து அவர் சட்டையைப் பற்றினாள். குதிகாலைச் சேற்றில் ஊன்றினாள். "வுட மாட்டேன்," என்றாள், கீழே பார்த்து.

பிடி தளரவில்லை.

கீழே, அவர்கள் இன்னும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்கள்.