இரண்டு கார்டும் ஒரு பவர் சப்ளையும்

“பாவம்... இந்தப் பொண்ணு நல்லா ஏமாறப் போறா.”

நேரு பிளேஸின் அந்தக் குறுகலான கடையில், தன் முதுகுக்குப் பின்னால் யாரோ தமிழில் முணுமுணுத்ததும் சுபாஷிணி விருட்டென்று திரும்பினாள். மழையில் நனைந்த சட்டை, நெற்றியில் ஒட்டிய முடி... அதற்குக் கீழே இரண்டு கண்கள். தில்லியில் தமிழ் யாருக்குப் புரியப்போகிறது என்ற தைரியத்தில் பேசிவிட்டவன், இப்போது திருதிருவென்று விழித்தான்.

“ஏமாற மாட்டா. கணக்குப் போட்டுட்டுதான் வந்திருக்கா.”

“ஸாரிங்க... தமிழா நீங்க? நான் மாதவ். கரோல் பாக்.”

“அட்ரஸ் கேட்கலையே.”

இரண்டு கிராபிக்ஸ் கார்டு ஓடும் கம்ப்யூட்டருக்கென்று அவள் கேட்டு வாங்கவிருந்த பவர் சப்ளை மேஜை மேல் இருந்தது; அவன் அதைத் திருப்பிக் காட்டினான். “அறுநூறு வாட்னு பெரிசா போட்டிருக்கான். ஆனா கிராபிக்ஸ் கார்டு கரண்ட் எடுக்கிறது பன்னிரண்டு வோல்ட் லைன்லேர்ந்து. அதுக்கு இங்க பதினாறு ஆம்பியர்தான். ரெண்டு கார்டு, பிராசஸர் எல்லாம் சேர்ந்தா முப்பது ஆம்பியராவது வேணும். தூக்கிப் பாருங்க... காலி டப்பா மாதிரி இருக்கு.”

“ஆராம் ஸே சலேகா, மேடம்” என்று, தாராளமாக ஓடும் என்று கடைக்காரர் சத்தியம் செய்யாத குறை.

அவன் சொன்னதில் நியாயம் இருப்பது அவளுக்குப் புரிந்தது. ஆனால் அந்தப் ‘பாவம்’... தன் கம்ப்யூட்டரின் ஒவ்வொரு திருகையும் தன் கையாலேயே முடுக்கியவளைப் பார்த்துப் பாவமாம். “பேக் கர் தீஜியே, பையா” என்று அதையே கட்டித் தரச் சொல்லிவிட்டாள்.

அவன் பில்லின் பின்பக்கம் தன் நம்பரை எழுதிக் கொடுத்தான். “நின்னுபோச்சுன்னா கூப்பிடுங்க.”

மயூர் விஹார் வீட்டில் அது நின்றுதான் போனது. இரண்டு கார்டும் சேர்ந்து ஓடத் தொடங்கிய மறுநிமிடம், திரை கறுத்தது. மூன்று முறையும் அப்படியே. அவள் உருவாக்கிய கம்ப்யூட்டர் விளையாட்டுக் காட்சியைப் பதிவு செய்து, திங்கட்கிழமைக்குள், வேலை கேட்டிருக்கும் நொய்டா கம்பெனிக்கு அனுப்பியாக வேண்டும். இல்லாவிட்டால் அப்பா மேஜையில் எடுத்து வைத்திருக்கும் அரசு வேலைக்கான ஸ்டாஃப் செலக்‌ஷன் விண்ணப்பத்தில் கையெழுத்துதான். நாள் முழுக்கப் பில்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்... வெட்கம் பிடுங்கித் தின்றது. கடைசியில் கூப்பிட்டாள்.

ஞாயிறு காலை மாதவ் ஒரு துணிப்பையோடு வந்தான். அம்மா கொடுத்த காபி ஆறுவதற்குள் கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்து, பழையதைக் கழற்றி, பையிலிருந்த கனமான பவர் சப்ளையைப் பூட்டினான்.

“என்னைப் பார்த்து ஒரு தடவை சிரிச்சிருக்கலாமே. அன்னிக்கு நான் பிடிச்ச வீம்புக்கு...” என்றாள் சுபாஷிணி.

“எப்படிச் சிரிக்கிறது? போன வருஷம் நானும் வாட்டை மட்டும் பார்த்து வாங்கினேன். என் கார்டு ஒண்ணு கருகியே போச்சு. அன்னிக்கு உங்களைப் பார்த்ததும் வாயை மூடிக்க முடியல.”

அவளுடைய கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. மாலைக்குள் காட்சி முழுவதும் ஒரு தடங்கலும் இல்லாமல் பதிவானது. புதன்கிழமை வேலை கிடைத்துவிட்டதாக ஃபோன் வந்தது.

சனிக்கிழமை, கரோல் பாக் மெட்ரோ படிக்கட்டில், அவனுடைய பவர் சப்ளையைப் போட்ட அதே துணிப்பையோடு அவள் நின்றாள். வெளியே தூறல்... அவன் ஓடி வந்தான்.

“இதுல பழைய திருகுத் தடம் இருக்கு. எதுலேர்ந்து கழட்டினீங்க?”

“என் கம்ப்யூட்டர்லேர்ந்து...”

“அப்போ இந்த ஆறு நாளா?”

“அதை ஓட்டாம மூடிதான் வெச்சிருக்கேன்.”

“சொல்லியிருக்கலாமே, மாதவ்.”

“சொன்னா உடனே திருப்பிக் கொடுத்திருப்பீங்க. அதுக்கப்புறம் உங்ககிட்ட பேச எனக்கு என்ன காரணம் இருக்கு?” அவன் நனைந்த படியையே பார்த்தான். “கடையில திரும்பி முறைச்சீங்களே... அப்போலேர்ந்து எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு, சுபாஷிணி.”

அவள் பையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பிறகு மெல்லச் சொன்னாள். “புதுசு நான் வியாழக்கிழமையே வாங்கிட்டேன். முப்பத்தி நாலு ஆம்பியர், பார்த்துதான் வாங்கினேன். ஆனா உங்களோடதைக் கழட்ட மனசே வரல. இன்னிக்குக் காலைலதான் கழட்டினேன்.”

அவன் பையை வாங்கக் கை நீட்டினான். பையின் ஒரு பிடியை மட்டும் கொடுத்தாள். இன்னொன்றை அவளே பிடித்துக்கொண்டு மழையில் இறங்கினாள்.