வாயாடி கண்டுபிடித்த கசிவு

வீட்டில் அவளுக்குப் பெயர் வாயாடி. பல் துலக்கும்போதுகூடப் பேசுவாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்களேன்!

அன்று பள்ளி விடுமுறை. அம்மா அவளைத் தன் ஆய்வுக்கூடத்துக்கு அழைத்துப் போனார், ஒரே ஒரு நிபந்தனையோடு.

"அங்க வந்து வாயைத் திறக்கக் கூடாது!"

கோள்களின் காற்றில் என்னென்ன இருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் அம்மாவின் வேலை. அதற்கு ஒரு பெரிய உலோகப் பெட்டி இருந்தது. அதனுள்ளே சிவப்புக்கும் வெகு அப்பால் இருக்கும் அகச்சிவப்பு ஒளி ஓடும். அது கண்ணுக்குத் தெரியாது. ஒவ்வொரு வாயுவும் அந்த ஒளியில் தனக்கு வேண்டியதை மட்டும் விழுங்கிவிடும். விழுங்கிய இடத்தில் கணினித் திரையில் பள்ளம் விழும். பள்ளத்தைப் பார்த்தே இது இன்ன வாயு என்று அம்மா சொல்லிவிடுவார்.

பெட்டியிலிருந்த காற்றையெல்லாம் உறிஞ்சி எடுத்துவிட்டு, ஒரு கோளின் காற்றைப் போலவே கலந்த வாயுவைக் குழாயில் அடைத்து உள்ளே வைத்திருந்தார்கள். அதில் நீராவியே கிடையாது. ஆனால் திரை முழுக்க நீராவிப் பள்ளங்கள்!

"எங்கேயோ கசியுது. வெளிக்காத்து உள்ள போகுது" என்றார் அம்மாவோடு வேலை செய்யும் தாடி மாமா. "ஆனா மூடி எல்லாத்தையும் நான்தானே மாட்டினேன்? ஒரு தூசிகூட இருக்காதே!"

"நாளைக்கு இந்தப் பெட்டி வேற குழுவுக்குப் போயிடும். அடுத்த வருஷம்தான் திரும்பக் கிடைக்கும்" என்றார் அம்மா. அவர் முகம் வாடிப்போயிற்று.

வாயாடிக்கு மனசு கேட்கவில்லை. தரையில் உட்கார்ந்து பெட்டியில் சாய்ந்துகொண்டு, "கவலைப்படாதம்மா, எல்லாம் சரியாயிடும்" என்றாள்.

"ஐயோ, பள்ளம் இன்னும் ஆழமாகுதே!" என்று மாமா அலறினார்.

வாயாடி சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் பள்ளம் பழையபடி ஆனது. அவள் யோசித்தாள். கண்ணாடியில் ஊதினால் ஈரம் படிகிறதே! அப்படியென்றால் மூச்சில் தண்ணீர் இருக்கிறது!

"அம்மா, நான் பேசட்டுமா?"

"இப்பவா?"

"இப்பத்தான் பேசணும்! நீ திரையையே பாரு!"

முதல் மூடியின் அருகே போய்ப் பள்ளிக்கூடக் கதை சொன்னாள். திரை அசையவில்லை. அடுத்த மூடியிடம் கணக்கு டீச்சரின் தும்மலைப் பற்றிச் சொன்னாள். அதற்கும் ஒன்றும் ஆகவில்லை. கடைசியாகத் தரையில் படுத்து, அடிமூடியிடம் ஆரம்பித்தாள்.

"பக்கத்து வீட்டுப் பூனை இருக்குல்ல? அது நேத்து பெயின்ட் டப்பாக்குள்ள..."

"நிறுத்து! அங்கதான்!" என்று அம்மா துள்ளிக் குதித்தார்.

மூடியைக் கழற்றினார்கள். உள்ளே ரப்பர் வளையத்தின் மேல் ஒரு முடி ஒட்டியிருந்தது. குட்டையாக, சுருட்டையாக, நரைத்த முடி. மாமா மெதுவாகத் தாடியைக் கையால் மூடிக்கொண்டார். அம்மா விழுந்து விழுந்து சிரித்தார்.

வளையத்தைத் துடைத்து மாட்டி, மறுபடி காற்றை உறிஞ்சினார்கள். நீராவிப் பள்ளங்கள் மறைந்து, கோளின் வாயு மட்டும் திரையில் அழகாகத் தெரிந்தது.

அம்மா மகளை இறுக்கிக் கட்டிக்கொண்டார். "சரி, அந்தப் பூனைக்கு அப்புறம் என்ன ஆச்சு?"

வாயாடி நாற்காலியில் ஏறி வசதியாக உட்கார்ந்து, முதலிலிருந்து ஆரம்பித்தாள். தாடியைச் சுற்றித் துணி கட்டிக்கொண்ட மாமாவும் கதை கேட்க வந்து உட்கார்ந்தார்.