சாய்ந்த தலை

நான் பல்கலைக்கழகத்தில் டைப்பிஸ்ட். ரப்பர் தோட்டத்து ஆட்கள் சொல்லும் கதைகளை ஆய்வாளர்கள் ஒலிநாடாவில் பதிந்து வருவார்கள். அதைக் கேட்டுக் கேட்டுத் தாளில் இறக்குவது என் வேலை. பதிவு இயந்திரத்தைப் பார்த்துக்கொள்பவர் கிளீட்டஸ், என் கணவர். எனக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான்.

1959இல் எங்களை நியாலாஸ் பக்கம் ஒரு தோட்டத்துக்கு அனுப்பினார்கள். நான் பிறந்த தோட்டம். "வயிறு சரியில்ல, வேற யாராச்சும் போகட்டும்லா" என்று மூன்று நாள் முணுமுணுத்தார் அவர். நான் விடவில்லை. எட்டு வருடமாக எனக்கு ஒரே ஒரு விஷயம் தெரிய வேண்டியிருந்தது.

என் அண்ணன் பாக்கியசாமியைப் பார்த்துத் தலையாட்டியது யார்?

காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளை வெள்ளைக்காரன் வேட்டையாடிய அவசரகாலத்தில் அதுதான் வழக்கம். வேலைக்குப் பேர் கூப்பிடும் காலைப் பெரட்டுக்கு வந்தவர்களை வரிசையில் நிறுத்துவார்கள். எதிரே லோரியில் ஒருவன் கோணிச்சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். கண்ணுக்கு இரண்டு ஓட்டை. யாரைப் பார்த்து அவன் தலையாட்டினாலும் அந்த ஆள் தீர்ந்தான். காட்டுக்காரர்களுக்கு அரிசி கொடுத்ததாகச் சொல்லி அண்ணனைக் கொண்டுபோனார்கள். மூன்றாம் நாள் பெட்டிதான் வந்தது. அந்தப் பெட்டிக்குத் தோள் கொடுத்தவர்களில் கிளீட்டஸும் ஒருவர். அண்ணனின் உயிர் நண்பர். என்னோடு சேர்ந்து அழுதே என் மனத்தில் இடம் பிடித்தவர்.

பகல் பதினொரு மணி. தோட்டத்தின் பழைய ஆபீஸ் அறையில் இயந்திரத்தை வைத்தோம். ரப்பர் மரங்கள் சன்னல்வரை வந்துவிட்டதால் உள்ளே வெளிச்சம் இல்லை. புளித்த ரப்பர் பால் வாடை சுவரிலேயே ஊறிக் கிடந்தது. அன்று வரிசையில் அண்ணனுக்குப் பின்னால் நின்ற முத்தாயி அக்கா எங்கள் எதிரே வந்து உட்கார்ந்தார்.

"மொதல்ல அந்தச் சாக்குக்குள்ள இருந்தவன் தலயப் பக்கவாட்டுல சாச்சான், மரியா. நம்மாளுங்க ஆமாங்கிற மாதிரி. வெள்ளக்கார தொரைக்குப் புரியல. இல்லேன்னு நெனச்சுக்கிட்டு உங்கண்ணனப் போகச் சொல்லிட்டாரு."

"அப்புறம்?"

"அவன் விடலயே. தொரைக்குப் புரியிற மாதிரி மேலயும் கீழயும் ஆட்டுனான். ரெண்டு தடவ."

அண்ணன் தப்பித்துவிட்டிருந்தான். அன்று வீட்டுக்கு வந்து கஞ்சி குடித்திருப்பான். பயத்தில் தெரியாமல் ஆடிய தலை இல்லை அது. திருத்தி ஆட்டிய தலை.

அப்போதுதான் அந்த வாடை வந்தது. ஈரக் கோணி.

அக்கா போன பிறகு, சரியாகப் பதிந்திருக்கிறதா என்று பார்க்க நாடாவைத் திருப்பி ஓடவிட்டேன். அக்காவின் குரல் முடிந்தது. நாடா வெறுமனே சுற்றிக்கொண்டிருந்தது.

உள்ளிருந்து யாரோ மூச்சு விட்டார்கள்.

துணிக்குள் அடைபட்ட மூச்சு.

பிறகு அண்ணன் பேசினான். கேலி செய்யும்போது வரும் அதே தாழ்ந்த குரல்.

"கிளீட்டஸு... உள்ள வேர்க்குதாடா?"

நான் திரும்பிப் பார்த்தேன். கிளீட்டஸின் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

"நீங்களா?" என்றேன்.

அவர் தலையைப் பக்கவாட்டில் சாய்த்தார்.

நான் துரை இல்லை. எனக்கு ஒரு தடவை போதும்.

"அரிசி கொண்டு போனது நாந்தான். மாட்டிக்கிட்டேன். ஒரு ஆளக் காட்டுன்னாங்க, மரியா" என்று என் காலைப் பிடித்தார். ஒவ்வொரு வருடமும் அண்ணனுக்கு மெழுகுவத்தி ஏற்றிய கை அது. அந்தக் கைக்கா இத்தனை நாள் சோறு போட்டேன்?

ஆனால் நான் என்ன செய்தேன்? இரண்டு பிள்ளைகள். பல்கலைக்கழகம் கொடுத்த வீடு. திரும்பி வந்து, முத்தாயி அக்காவின் கடைசிச் சொல்லோடு டைப் செய்வதை நிறுத்திக்கொண்டேன். அதற்குப் பின் இருந்த ஒரு வரியை யாருக்கும் சொல்லவில்லை. நாடாவை அலமாரியின் அடியில் தள்ளிப் பூட்டினேன்.

மறுநாள் காலை அவருடைய தலையணை உறையில் இரண்டு ஓட்டைகள் இருந்தன. கண்ணளவு இடைவெளி. தைத்துப் போட்டேன். அடுத்த நாளும் அதே இடத்தில் இருந்தன. தினமும் அதைப் பார்த்து அவர் வெளிறிப்போவார். நன்றாக வேண்டும் என்று எனக்குள் ஒரு திருப்தி.

இன்று காலை படுக்கையை உதறினேன். அவருடைய உறை முழுசாக இருந்தது.

ஓட்டைகள் என்னுடையதில் இருந்தன.