இரண்டு முறை பிறந்த ஓடிபி

காக்ஸ் டவுன் தர்ஷினியில், நின்றபடியே சாப்பிடும் அந்தச் சின்ன ஓட்டலில், மழைக்கு ஒதுங்கிய கூட்டம், மேஜைக்கு ஆறு பேர். ரூபினியையும் பக்கத்தில் நின்றவனையும் ஜோடி என்றே முடிவுகட்டிய காபிக்காரர், ஒரு காபியை இரண்டு டம்ளரில் பிரித்து நீட்டினார். பை-டூ!

"நாங்க தனித்தனி..." என்றார்கள் இருவரும், ஒரே மூச்சில்.

அவன் சிரித்தான். அடடா, அந்தக் கண்கள்... இமையில் ஒரு மழைத்துளி வேறு! பேரம் தெரிந்தவர்கள் நல்ல சரக்கைக் கண்டாலும் முகத்தில் காட்டமாட்டார்கள். ரூபினியும் காட்டாமல் லேப்டாப்பில் குனிந்தாள். மூன்று மணிக்குள் பிழை தீராவிட்டால், ஆறு மாதம் அவள் இழைத்த வேலை வேறொருவர் கைக்குப் போய்விடும். வாடிக்கையாளர் தனக்கு வந்த ஓடிபியைச் சரியாகவே தட்டினாலும் 'தப்பு' என்கிறது பாழாய்ப்போன புரோகிராம்!

"ஓடிபி ரெண்டு தடவை பிறக்குதுங்க..."

"அடுத்தவங்க ஸ்கிரீனை எட்டிப் பாக்கறது என்ன பழக்கம் மிஸ்டர்?"

"உத்தமன்."

"பேரு மட்டும்தானா?"

"ஓடிபியைக் கொண்டுவர்ற இந்த ஆர்க்யுமென்ட்டை லேசியா வச்சிருக்கீங்க. தொட்டாத்தான் கணக்குப் போடும், கேட்டப்புறம் ஊத்தற தோசை மாதிரி. சேமிக்க ஒரு தடவை தொடறீங்க, அனுப்ப இன்னொரு தடவை. ரெண்டு தோசை! சேமிச்சது ஒரு நம்பர், அனுப்பினது வேற நம்பர். அடைப்புக்குறி போட்டு வெளிப்படையா கூப்பிடற ஃபங்ஷனா இருந்தா, ரெண்டு தடவை கூப்பிடறது கண்ணுல பட்டிருக்கும்."

"லேசியா எழுதறதுதான் அழகு. எனக்கே தெரியும், நீங்க போலாம்!"

சொன்னபின் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவனோ தலையசைத்துவிட்டு மழையில் இறங்கி எதிர்ப்பக்கம் போய்விட்டான்.

வீம்போடு எத்தனை நேரம் பேரம் பேசுவது? ஓடிபியை ஒரே தடவை கணக்கிட்டு, ஒரு பெயரில் பிடித்துவைத்து, ஓட்டினாள்... திரையில் பச்சை, பிழை போச்சு! ஆபீசில் எட்டுப் பேர் மூன்று நாளாகத் தேடியது, காபி ஆறுவதற்குள்... என்ன கண்ணுடா சாமி! இரண்டு நாற்பதுக்கு அனுப்பிவிட்டு, எதிர்ப்பக்க பஸ் ஸ்டாப்புக்கு ஓடினாள்.

நனைந்தபடி நின்றிருந்தான்.

"நீங்க சொன்னதுதான் சரி. எனக்கே தெரியும்னது... பொய்."

"பிழை போச்சா?"

"போச்சு, என் வேலையும் தப்பிச்சுது. நல்லவேளை, உங்களுக்கு இன்னும் பஸ் வரலை."

"மூணு வந்துச்சுங்க."

"அப்புறம்?"

"இங்கேருந்து கடைக்குள்ள உங்க முகம் தெரிஞ்சுது. அது சிரிக்கறதைப் பாக்காம ஏற மனசு வரலை..." குரல் தழைந்தது. "பிடிச்சிருக்கு ரூபினி."

பெயரை எப்போது படித்தான்? கழுத்து அட்டையிலா... கள்ளன்! ரூபினிக்குக் காது வரை சூடேறியது. தூரத்தில் விவேக் நகர் பஸ் திரும்பியது.

"நாலாவதும் வருது," என்றாள், தரையைப் பார்த்தபடி. "ஏறிடாதீங்க..."