அசையாத மணிகள்

"வீ...ல்!"

காலை எட்டே முக்காலுக்கு ஆய்வுக்கூடமே அதிர்ந்தது.

சுழல் நாற்காலியில் டைரக்டர். கோட், டை, சட்டைப் பையில் விருது ஏற்புரை... உயிர் மட்டும் இல்லை!

கதவில் அவர் பட்டங்கள் பித்தளையில் இரண்டு வரிக்கு மின்னின. கடைசிப் பட்டம், 'படலப் பேரரசர்'. அவரே சூட்டிக்கொண்டது.

அரை மணியில் இன்ஸ்பெக்டர் வந்தார். கூடவே போலீஸ் டாக்டர்.

அலறியவள் ஆராய்ச்சி உதவியாளர். சுவரோடு ஒட்டி நின்றாள்.

"நான்தான் சார் கொன்னேன்!"

இன்ஸ்பெக்டர் குஷியாகப் பேனாவைத் திறந்தார். காலையிலேயே கேஸ் முடிந்தால் கசக்குமா?

"எதால?"

"வாயால. ஒரு உண்மையைச் சொன்னேன்... தாங்கல!"

"எனக்குப் புரியற மாதிரி சொல்லும்மா."

"குறைமாசக் குழந்தைங்க மூச்சு விட ஒரு மருந்து சார். நுரையீரல் ஈரத்து மேல மெல்லிசா படலம் போடும். அது எவ்வளவு கெட்டின்னு அளக்கணும். தூசியைவிடச் சின்ன மணிகளை அதுல மிதக்கவிட்டு மைக்ராஸ்கோப்ல பார்ப்போம். நல்லா துள்ளினா படலம் இளகல். துள்ளாட்டி கெட்டி."

"துள்ளுச்சா?"

"ஒண்ணுகூட அசையல! 'உலகத்திலேயே கெட்டியான படலம்'னு டைரக்டர்தான் துள்ளினார். இன்னிக்கு விருது. படலம் அவ்வளவு கெட்டின்னா பாதியே போதும்னு மருந்தோட அளவைக் குறைச்சுட்டாங்க. நாளைக்குக் குழந்தைங்களுக்குப் போகுது..."

"அப்புறம்?"

"நேத்து மறுபடி பார்த்தேன். நான் போகஸ் வெச்சது படலத்துல இல்ல சார்... அடிக் கண்ணாடியில! மூழ்கிப் போய் அதுல ஒட்டிக்கிட்ட மணிகளை அளந்திருக்கேன். ஒட்டினது எப்படித் துள்ளும்? படலம் கெட்டியான்னே தெரியாது!"

துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எட்டரைக்கு வந்து எல்லாத்தையும் கொட்டிட்டேன். ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். கால் மணி நேரம் பேசிட்டு முன்னால போய்ப் பார்த்தா..."

"அதுவரைக்கும் பதிலே சொல்லலியா?"

"எங்ககிட்ட அவர் எப்பவும் முதுகாலதான் சார் பேசுவார்."

டாக்டர் பிணத்தின் கையை மடக்கப் பார்த்தார். மடங்கவில்லை!

"மாரடைப்பு மாதிரி தெரியுது. விறைச்சுக் கட்டையாயிட்டார். காலைல ஆறு மணிக்கு முன்னாலயே போயிட்டார் சார்!"

அவள் நிமிர்ந்தாள்.

"அப்போ... நான் கொல்லலியா?"

"நீ சொன்னதுல ஒரு எழுத்துகூட அவர் காதுல விழலம்மா!"

ஒரு நொடி நிம்மதி. மறு நொடி முகம் வெளுத்தது.

"அப்போ... அந்த மருந்து விஷயம் இன்னும் ஒருத்தருக்கும் தெரியாதா?"

வராந்தாவில் துணை டைரக்டர், கண் கலங்க, விருது விழாவுக்கு டை கட்டிக்கொண்டிருந்தார்.

இன்ஸ்பெக்டர் பேனாவை மூடினார்.

"அவர்கிட்டப் போய் மறுபடி முதல்லேருந்து சொல்லு. ஆனா இந்தத் தடவை... நாடி புடிச்சுப் பார்த்துட்டு ஆரம்பி!"