சப்வூஃபருக்குள் ஒரு துவர்த்து

காதல் கதை என்றால் நாயகி முதலில் நாயகனின் கண்களைப் பார்க்க வேண்டும். ஜினிஷா பார்த்தது ஒரு வலையை.

கறுப்பு வலை... அதற்கு மேலே ஒரு பழைய தொப்பி... கீழே முழங்காலுக்கு மடித்துக் கட்டிய கைலி. அந்த உருவம் மாடிப்படியின் கடைசிப் படியில் நின்றுகொண்டு, "உள்ள வரலாமா?" என்று மரியாதையாகக் கேட்டது.

கார்த்திகை மாதத்துச் சனிக்கிழமை, மத்தியானம் பன்னிரண்டரை. புதுக்கடைச் சந்திப்பில் அவள் அப்பா ஜான்ரோஸின் பாத்திரக்கடை கீழே, வீடு பின்னால், மாடியில் ஒரு வெறும் ஹால். அந்த ஹாலின் நடுவில் லேப்டாப்பும், இரண்டு பக்கமும் இரண்டு புது ஸ்பீக்கர்களும், மூலையில் ஸ்டூல் மேல் கொலுவிருந்த, இடிச்சத்தத்துக்கென்றே வாங்கிய சப்வூஃபரும், இவற்றுக்கிடையே வயர்களில் சிக்கிய ஜினிஷாவும் இருந்தார்கள். அந்த ஐந்து பேரில் சத்தம் போட்டது சப்வூஃபர் மட்டும்தான். அதுவும் ஒரே சத்தம். 'ங்ங்ங்ங்...'

"யாரு நீங்க?"

"எனக்க பேரு டெல்வின். பின்னால ரப்பர் தோட்டத்துல தேன்பெட்டி வச்சிருக்கேன். உங்க சத்தத்துல எனக்க ஈயெல்லாம் கலங்கிப் போச்சு."

"நான் இன்னும் பாட்டே போடலையே."

"அதைத்தான் சொல்லுதேன். பாட்டு போட்டா பரவாயில்ல. இது பாட்டில்லாம இரையுது."

ஜினிஷாவுக்குச் சுரீரென்றது. காலை எட்டு மணியிலிருந்து அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். ஆம்ப்ளிஃபையர் இல்லாமல் தானாகவே பாடும் ஸ்பீக்கர், லேப்டாப்பில் செருகினால் போதும் என்று சொல்லித்தான் விற்றான் கடைக்காரன்... செருகினாள். லேப்டாப்பிலிருந்து சப்வூஃபருக்கு, அதிலிருந்து இரண்டு ஸ்பீக்கருக்கும். எல்லாம் படத்தில் போட்டபடிதான். அப்படியும் இந்த 'ங்ங்ங்ங்'.

"ஈக்குக் காது உண்டா?" என்றாள்.

"காது இல்ல. கால் உண்டு. அதிர்வு கால் வழியா ஏறும்." வலைக்குள்ளிருந்து ஒரு சிரிப்பின் சாயல். "லேப்டாப் சார்ஜரை உருவிப் பாருங்க. இரைச்சல் நிக்கும்."

"எங்களுக்குத் தெரியும்."

"செரி. அப்போ ஈகிட்ட போய் சொல்லுதேன், அவங்களுக்குத் தெரியும்னு."

வலை படியிறங்கிப் போனது. அவன் தெருமுனை தாண்டும்வரை காத்திருந்து, ஒன்று இரண்டு என்று பத்துவரை எண்ணிவிட்டு, ஜினிஷா சார்ஜரை உருவினாள். இரைச்சல் சட்டென்று நின்றது. இரைந்தபோது வராத கோபம், நின்றபோது வந்தது.

கோபத்துக்கு இன்று நேரமில்லை. பெங்களூரில் நாலு வருடம் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருந்தவள், வேலையை விட்டுவிட்டு, ஸும்பா சொல்லிக்கொடுக்கும் சான்றிதழோடு ஊர் வந்திருந்தாள். பாட்டுக்கு ஆடி உடம்பைக் குறைக்கும் வித்தை என்று அப்பாவிடம் விளக்கினாள். ஜான்ரோஸ் குடத்துக்கு விலை சொல்லும் முகத்தோடு கேட்டுக்கொண்டார். "சனிக்கிழமை நாலு மணிக்கு ஒரு நாள் நடத்திக் காட்டு. இருபது பேர் சேந்தா மாடி ஒனக்கு. சேரலைன்னா திங்கக்கிழமை பெங்களூர் பஸ்." அவள் எட்டு என்றாள். அவர் பதினெட்டு என்றார். அம்மா ராஜபாய் சோறு பரிமாறி முடிப்பதற்குள் பேரம் பன்னிரண்டில் நின்றது. வீட்டு ஆள் கணக்கில் சேராது என்பது அவர் கடைசியில் சொருகிய நிபந்தனை.

ஒன்றரை மணிக்குப் பாட்டைப் போட்டாள். மேல் ஸ்வரமெல்லாம் கணீரென்று கேட்டது... கீழ் ஸ்வரத்தில்தான் ஆளில்லை. முரசு இடிக்க வேண்டிய இடத்தில் யாரோ தலையணையைத் தட்டுவதுபோல் இருந்தது. சப்வூஃபரின் திருகைக் கடைசிவரை திருப்பினாள். தலையணை கொஞ்சம் பெரிய தலையணையானது, அவ்வளவுதான். இந்தப் பாட்டுக்கு எந்தக் கால் எழும்பும்? அதுவும் அம்மா திருச்சபையிலிருந்து திரட்டி வரும் ஐம்பது வயதுக் கால்கள்... கடைக்காரனுக்கு போன் செய்தாள். "வால்யூமைக் கூட்டுங்க மேடம்" என்று சொல்லிவிட்டு அவன் சாப்பிடப் போய்விட்டான்.

மணி மூன்றாயிற்று. கிழக்கே மேகம் இருட்டிக்கொண்டு வந்தது. ஜினிஷா பின்ஜன்னலைத் திறந்தாள். கீழே ரப்பர் மரங்களுக்கிடையில் அவன் பெட்டிகளின் மேல் தகரத்தைச் சாய்த்து வைத்துக்கொண்டிருந்தான். கூப்பிடலாமா... வேண்டாமா... பெங்களூர் பஸ் கண்முன் ஹாரன் அடித்தது.

"உங்க ஈக்கு இப்போ எப்படி இருக்கு?"

அவன் நிமிர்ந்தான். "கொஞ்சம் தேறியிருக்கு. உங்க சப்வூஃபருக்கு?"

மானத்தை ஒரு மிடறாக விழுங்கினாள். "அதுக்குக் கொஞ்சம் சீரியஸ்."

அவன் மாடிக்கு வருவதற்குள் மழை முந்திக்கொண்டது. நனைந்த தொப்பியையும் வலையையும் கழற்றி வாசலில் மாட்டினான். அப்போதுதான் அவள் அந்தக் கண்களைப் பார்த்தாள். பெரிய கண்கள் என்று சொல்ல முடியாது... ஆனால் தேன்பெட்டி திறக்கிறவன் அவசரப்பட மாட்டான் அல்லவா? அந்தக் கண்கள் எதன்மேலும் பையத்தான் போய் உட்கார்ந்தன. இமையில் ஒரு மழைத்துளி தொங்கியது. விழுமா விழாதா என்று அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்... சப்வூஃபர் எதற்கு, ஸும்பா எதற்கு, பெங்களூர் எங்கே இருக்கிறது என்பதெல்லாம் ஒரு கணம் மறந்து போயிற்று.

"தோஹாவுல ஒரு ஓட்டல்ல நாலு வருசம் கல்யாண ஹாலுக்கு சவுண்டு வச்சேன்" என்றான் அவன், துளி விழ. "இது தவழ்ந்து பாக்க வேண்டிய கேஸ்."

"என்னது?"

"சப்வூஃபரை ஆடுதவங்க நிக்குத இடத்துல வச்சிட்டு, நாம தரையோட தரையா போய்க் கேக்கணும். எங்க இடி நல்லா விழுதோ, அந்த மூலையில அதைக் கொண்டு வைக்கணும். நீங்க பாட்டைப் போடுங்க. நான் தவழுதேன்."

சப்வூஃபரை நடுவுக்கு நகர்த்திவிட்டு, ஜினிஷா அதன் பக்கத்தில் நின்று பாட்டைப் போட்டாள். டெல்வின் கைலியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, நாலு காலில், ஒரு காதைத் தரையில் வைத்து அவளைச் சுற்றி வந்தான். முதல் சுற்று முடிந்து இரண்டாம் சுற்றில் ஜன்னல் பக்கம் திரும்பும்போது, குடையிலிருந்து நீர் சொட்டச் சொட்ட ஜான்ரோஸ் வாசலில் நின்றார்.

"ஏட்டி, இவன் என்னத்தத் தொலச்சான்?"

"சவுண்டு சரி பண்ணுதாருப்பா."

"இடி எங்கயும் கெடைக்கல அண்ணாச்சி" என்றான் டெல்வின் தரையிலிருந்து, வணக்கம் சொல்லக் கை ஒழியாமல். பிறகு எழுந்து சப்வூஃபரைத் திருப்பினான். அதன் முதுகில் தேங்காய் அளவுக்கு ஒரு ஓட்டை. உள்ளே கையை விட்டான். முகம் மாறியது. எதையோ பிடித்து இழுத்தான். சிவப்பும் வெள்ளையுமாய்க் கோடு போட்ட ஒரு துணி வந்தது... வந்துகொண்டே இருந்தது... கடைசியில் தலை துவட்டும் ஒரு முழுத் துவர்த்து அவன் கையில் தொங்கியது, குளித்துவிட்டு வந்தவன் உதறிக் காயப்போடும் பதத்தில்.

ஜினிஷா பாட்டை நிறுத்தினாள்.

"அது எனக்க துவர்த்து" என்றார் ஜான்ரோஸ்.

"அப்பா..."

"ஓட்டை இருந்தா பல்லி போய் முட்டை போடாதா? முப்பது வருசமா யாவாரம் செய்யுதேன், தூக்குவாளியக்கூட நான் மூடி இல்லாம வித்தது கெடையாது. இவனுவ பெட்டிக்கு ஓட்டையும் போட்டு மூடியும் குடுக்கல. நானா பாத்து அடச்சேன்."

"அந்த ஓட்டை வழியாத்தான் அண்ணாச்சி இது மூச்சு விடும்."

ஜான்ரோஸ் துவர்த்தை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். அவர் முகத்தில் வருத்தம் இல்லை. துவர்த்து கிடைத்த திருப்திதான் இருந்தது.

பாட்டு மறுபடி தொடங்கியது. இந்த முறை அது காதில் கேட்கவில்லை... உள்ளங்காலில் ஏறியது. ஜினிஷாவின் குதிகால் தானாக எழும்பியது. தேனீக்கள் கால் வழியாகக் கேட்கும் என்று அவன் சொன்னது நினைவு வந்து, சிரிப்பை அடக்கினாள்.

"இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு" என்றான் அவன். "பின்னால ஒரு ஸ்விட்ச் உண்டு. சின்ன ஸ்பீக்கர் காத்தைத் தள்ளுத நேரத்துல பெருசு உள்ள இழுத்தா, ரெண்டும் ஒண்ணையொண்ணு தின்னுரும். சேந்து தள்ளணும். ஒராள் ஸ்விட்சை மாத்தணும், ஒராள் நடுவுல நின்னு கேக்கணும். தனியா செய்ய முடியாத வேலை."

அவள் நடுவில் நின்று கண்ணை மூடிக்கொண்டாள்.

"இப்போ?"

"மெலிஞ்சிருக்கு."

"இப்போ?"

"நெறஞ்சிருக்கு..."

"இப்போ?"

இரண்டு தடவை மாற்றினால் தெரிந்துபோகும் விஷயம். அவன் ஏழு தடவை மாற்றினான். மூன்றாவது தடவையே அவளுக்கு அது புரிந்துவிட்டது. ஆனாலும் கண்ணைத் திறக்கவில்லை.

நாலு மணிக்கு மழை கொட்டியது. அம்மா சொல்லி வைத்திருந்த பதினைந்து பேரில் ஏழு பேர்தான் வந்தார்கள், சேலைக்குக் கீழே ஷூ போட்டுக்கொண்டு. ஜினிஷா எண்ணிப் பார்த்தாள்... ஐந்து குறைவு. பாட்டைப் போட்டாள். கீழே கடை இறவாணத்தில் மழைக்கு ஒதுங்கியிருந்த பெண்களின் காலுக்கடியில் அந்த இடி இறங்கியது. காய்கறிப் பையோடு ஒருத்தி எட்டிப்பார்க்க வந்தாள். அவளைக் கூப்பிட வந்தவள் அப்படியே நின்றாள். மீன்சட்டியை வாசலில் இறக்கி வைத்துவிட்டு முட்டத்திலிருந்து மீன் விற்க வந்த ஒரு அக்கா, முந்தானையைச் செருகிக்கொண்டு முதல் வரிசையிலேயே இடம் பிடித்தார். ஐந்து மணிக்கு வியர்த்து விறுவிறுத்துப் பேர் கொடுத்தவர்கள் பத்துப் பேர்.

"ரெண்டு கொறவு" என்றார் ஜான்ரோஸ்.

ஜினிஷா மூச்சு வாங்கிக்கொண்டே அவர் தோளைக் காட்டினாள். "உங்க துவர்த்தால எனக்கு ஒன்றரை மணி நேரம் போச்சு. அந்த நேரத்துல நான் ரெண்டு பேருக்கு போன் செஞ்சிருக்க மாட்டனா? அந்த நட்டம் உங்களுக்குள்ளதுதான். கழிச்சுப் பாருங்க."

ஜான்ரோஸ் துவர்த்தைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். எதிராளி சொன்னது நியாயம் என்று தெரிந்தால் மறுபேச்சு பேசாமல் கட்டிக் கொடுத்துவிடுவது அவர் வழக்கம். "செரி, எடுத்துக்க" என்றார். படியிறங்கும்போது ராஜபாயிடம், "நம்ம மவதான்" என்று சொன்னது மேலே வரை கேட்டது.

அதற்குப் பிறகு தேனீக்கள் அடிக்கடி கலங்க ஆரம்பித்தன. திங்கள் கலங்கின, புதன் கலங்கின, சில வாரங்களில் வியாழனும் கலங்கின. வகுப்பு முடியும் நேரம் பார்த்து டெல்வின் படியேறி வருவான். "இன்னைக்குக் கொஞ்சம் ஓவர்" என்பான். இருவரும் ஸ்விட்சை மாற்றி மாற்றிப் பார்ப்பார்கள். பிரச்சினை தீர்ந்த மாதிரி இருக்கும்... மறுநாள் திரும்பி வரும்.

"அந்தப் பயல் ஒன்பது தடவ வந்தாச்சு" என்றார் ஜான்ரோஸ் ஒருநாள், குடத்தைத் துடைத்துக்கொண்டே. "குறை சொல்ல வாறவன் ஒரு தடவையாவது மொகத்தைச் சுளிக்கணும். இவன் தலை சீவிட்டு வாறான்."

ஜினிஷா அடுத்த குடத்தை எடுத்து நீட்டினாள். அவன் வாய் திறக்கட்டும் என்று அவளுக்கு ஒரு வீம்பு. ஈயைப் பற்றி இத்தனை பேசுகிறவனுக்குத் தன்னைப் பற்றி ஒரு வார்த்தை வராதா?

கிறிஸ்மஸுக்கு நாலு நாள் இருக்கும்போது அவன் நனைந்துகொண்டு வந்தான். ஸ்விட்ச் பக்கம் போகவில்லை.

"கிறிஸ்மஸ் கழிஞ்சதும் பெட்டியெல்லாம் பேச்சிப்பாறைப் பக்கம் கொண்டு போவணும். அங்க ரப்பர் முந்தித் தளிர் விடும், தளிர்லதான் தேன் ஊறும்."

லேப்டாப்பை மூடிய அவள் கை நின்றது. "பின்ன இங்கோட்டு வர மாட்டியளா?"

"பெட்டி இல்லாம... என்ன சொல்லிட்டு வருதது?"

ஜன்னலில் மழை தாளம் போட்டது. அவன் ஈரக் கைகளைக் கைலியில் துடைத்தான். பிறகு மறுபடி துடைத்தான்.

"ஜினிஷா, ஒரு உண்மை சொல்லணும். உங்க சப்வூஃபரால எனக்க ஈ எதுவும் கலங்கல. முதல் நாளும் கலங்கல. அன்னைக்கு அந்த இரைச்சல் கேட்டு, யாருக்கோ சார்ஜர் விசயம் தெரியலைன்னுதான் ஏறி வந்தேன். வந்து பாத்தா... வயருக்குள்ள நீங்க இருந்திய."

"அப்போ இத்தனை நாளும் கலங்கினது யாரு?"

"நான்தான்" என்றான், தரையைப் பார்த்து.

அவள் மெல்லச் சிரித்தாள். "எனக்குத் தெரியும். மழை இல்லாத ஒரு நாள் சத்தத்தை ஃபுல்லா வச்சிட்டு ஜன்னல்ல நின்னு பாத்தேன். உங்க ஈ எல்லாம் அதுங்க பாட்டுக்குப் போவுது, வருது."

"தெரிஞ்சுட்டா பின்ன எதுக்குத் தினமும் கூட்டிக் கூட்டி வச்சிய?"

ஜினிஷா கீழுதட்டைக் கடித்துக்கொண்டாள். கண் மட்டும் அவன்மேல் பைய வந்து உட்கார்ந்தது.

"கொறச்சு வச்சா... நீங்க வர மாட்டியளே."

கீழே படியில் செருப்புச் சத்தம் கேட்டது. பாதிப் படியிலேயே அது நின்றுவிட்டது.

"எலே டெல்வின், ஈக்கு இப்போ எப்படி இருக்கு?"

"சுகமா இருக்கு மாமா" என்றான் அவன். நேற்றுவரை அண்ணாச்சியாக இருந்தவர் எந்தக் கணத்தில் மாமா ஆனார் என்று அவனுக்கே தெரியவில்லை.

செருப்பு இரண்டு படி இறங்கியது. பிறகு சிவப்பும் வெள்ளையுமாய்க் கோடு போட்ட ஒன்று சுருண்டு படியேறிப் பறந்து வந்து, அவன் நெஞ்சில் விழுந்தது.

"தலையத் துவத்திட்டுக் கீழ வா. சாயா ஆறுது."